அறிபவரும் ஆள்பவரும்



ஒரு காட்டையோ ஏரியையோ பற்றி ஆராய்ந்து அறிபவர் ஒருவர். அதன்மீது ஆணை செலுத்தும் பொறுப்புடையவர் மற்றொருவர். முன்னவர் பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சிக் கழகத்திலோ இருக்கின்றார். பின்னவர் வன இலாகாவிலோ, பாசன இலாகாவிலோ, மீன்வள இலாகாவிலோ பணியாற்றுகின்றார். இருவரும் ஒரே காட்டுக்குள்தான் நடக்கின்றனர். ஒரே ஏரியின் நீரைத்தான் பார்க்கின்றனர். ஆயினும் ஒருவர் கூறுவது மற்றவர் செவியில் உரிய காலத்தில் விழுகின்றதா என்பதே கேள்வி. வைத்தியர் மருந்தின் பெயரைச் சொல்வதற்குள் நோயாளிக்கு வேறொரு மருந்தைப் புகட்டிவிட்டால் பயன் என்ன?

இதனை மூன்று இடங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய முற்படுகின்றோம். மூன்றும் தமிழகத்துக்கு வெளியே, நம்மவர் பலர் குடியேறி வாழும் மாநிலங்களில் உள்ளவை. ஒன்று ராஜஸ்தானத்துப் பரத்பூர். மற்றொன்று கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டம். மூன்றாவது ஒடிசாவின் சிலிகா ஏரி.

முதலில் பரத்பூர். தில்லியில் வாழும் நேயர்களில் பலர் குளிர்கால விடுமுறையில் குடும்பத்துடன் அங்கே சென்றிருப்பர். தில்லியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கேவலாதேவ் பறவைகள் பூங்கா. கேவலாதேவ் என்பது அப்பூங்காவின் நடுவே உள்ள சிவாலயத்தின் பெயர். ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இவ்விடம் இயற்கையாக அமைந்த ஏரி அன்று. தாழ்ந்த நிலத்தில் கரைகள் எழுப்பி, அஜான் பந்த் என்னும் நீர்த்தேக்கத்திலிருந்து மழைக்கால நீரை விட்டு, வாத்து வேட்டைக்காகப் பரத்பூர் மகாராஜாக்கள் அமைத்த நீர்நிலை அது. 1938ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வைஸ்ராய் லின்லித்கோ பிரபு விருந்தினராக வந்திருந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன என்பது அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ள கணக்கு.

வேட்டைக் காலம் மறைந்தது; பாதுகாப்புக் காலம் பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் அவ்விடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவினுள் கால்நடைகள் மேயலாகாது என்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. ஆனால் சுற்றியுள்ள சிற்றூர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக அந்நீர்நிலையில் இறங்கி மேய்ந்து வந்தவை. 1982 நவம்பரில் மேய்ச்சலுக்குத் தடை விதிக்கப்பட்டது. மக்கள் எதிர்த்தனர். கலவரம் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கிராம மக்கள் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைக் காக்கப் பிறந்த உத்தரவு மனித உயிர்களைப் பலிகொண்டது.

இனி, இதில் நாம் கருத வேண்டியதொரு செய்தி உண்டு. இந்த உத்தரவு அமலுக்கு வந்தபோது, அதே பூங்காவில் அறிஞர் குழு ஒன்று ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தது. மும்பையைச் சேர்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980இல் தொடங்கிய பத்தாண்டு ஆராய்ச்சி அது. நீரின் ஆழம், மீன், புல், பூச்சி, பறவை ஆகிய அனைத்தையும் ஆண்டுதோறும் அளந்து வந்தனர். அவர்கள் கண்டது யாது? எருமைகள் வெளியேறியபின், பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் தடையின்றி மண்டி வளர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. புல்லடர்ந்த நீரில் மீன் பெருகவில்லை; நீரில் நீந்தியும் மூழ்கியும் இரை தேடும் பறவைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. பறவைகளின் பகை என்று கருதி விரட்டப்பட்ட எருமைதான், புல்லை மேய்ந்து பறவைகளுக்கு நீரைத் திறந்து வைத்திருந்த தோட்டக்காரன் என்று தெரிய வந்தது. அளவான எண்ணிக்கையில் எருமைகளை மேயவிடுவதே நன்று என்னும் முடிவுக்கு அந்த ஆராய்ச்சி வந்து சேர்ந்தது.

இதற்காக இலாகாவை மட்டும் பழிப்பது நியாயமாகாது. மேய்ச்சல் தீங்கு என்பது அக்காலத்துப் பறவையியல் அறிஞர் பலருடைய கருத்தும் ஆகும். இலாகா சட்டத்தைப் பார்த்தது. அறிஞர் பொதுவான நூலறிவைப் பார்த்தனர். அந்தக் குறிப்பிட்ட ஏரியில் அந்த எருமை என்ன செய்கின்றது என்ற விடை பத்தாண்டு முடிவில்தான் கிடைத்தது. உத்தரவோ மூன்றாம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. விடை வந்த பின்னும் சட்டத்தை விலக்கி எருமையை மீண்டும் அழைக்க இயலவில்லை. கிராமத்தார் தாமே புல்லை அறுத்துச் செல்ல அனுமதி அளிப்பது என்னும் நடுவழி ஒன்றே எஞ்சியது. நம் இராமநாதபுரத்தார் நன்கறிந்த சீமைக் கருவேல மரம் அப்பூங்காவிலும் பரவியபோது, அதனை வெட்டியெடுக்கும் பணியில் இலாகாவும் சுற்றூர் மக்களும் பின்னாளில் சேர்ந்து உழைத்தனர் என்பது ஆறுதலான செய்தி. அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய வி. எஸ். விஜயன் அவர்களே, பின்னர்க் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அமைந்த சாலிம் அலி பறவையியல் ஆராய்ச்சி மையத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். பரத்பூரின் பாடம் இவ்வாறு தமிழ் மண்ணையும் எட்டியது.

இரண்டாவதாக வட கன்னட மாவட்டத்துக்குச் செல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில், காளி ஆற்றின் கரையில் உள்ளது தண்டேலி. 1950களில் அங்கே பெரிய காகித ஆலை ஒன்று நிறுவப்பட்டது. ஆலைக்கு வேண்டிய மூங்கிலைக் காட்டிலிருந்து அளிப்பதாக அரசாங்கம் உறுதி கூறியது. கூடை முடைவோர் சந்தையில் கொடுக்கும் விலையுடன் ஒப்பிடவும் இயலாத சொற்ப விலை ஆலைக்கு நிர்ணயிக்கப்பட்டது. காட்டில் உள்ள மூங்கில் குறைவின்றி என்றும் கிடைக்கும் என்பது அன்றைய கணக்கு. கணக்கு பொய்த்தது. சில ஆண்டுகளில் மூங்கில் அருகத் தொடங்கியது. ஆலை தொலைதூர மாநிலங்களிலிருந்து மூங்கில் தருவிக்கலாயிற்று. மலையடிவாரத்துக் கூடை முடைவோர் அவ்வாறு தருவிக்க முடியுமா? அவர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டனர்.

1975ஆம் ஆண்டில் கர்நாடக அரசாங்கம் இதனை ஆராயும்படி பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைக் கேட்டுக்கொண்டது. 1909இல் தோன்றி, 1958 முதல் பல்கலைக்கழக நிலையில் விளங்கும் கழகம் அது. மாதவ் காட்கில், நரேந்திர பிரசாத் முதலியோர் காட்டுக்குள் சென்று மூங்கில் புதர்களை எண்ணத் தொடங்கினர். காட்டில் இருப்பதாக ஏட்டில் எழுதப்பட்டிருந்த மூங்கிலுக்கும் உண்மையில் நின்ற மூங்கிலுக்கும் பெரும் வேறுபாடு இருந்தது. ஏட்டுக் கணக்கு பன்மடங்கு மிகையானது. அதனை நம்பி வெட்டினால் காடு எங்ஙனம் தாங்கும்?

அதனினும் வியப்பான மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. அங்கு வளரும் பெருமூங்கிலின் அடிப்புறத்தைச் சுற்றி முட்கிளைகள் வேலிபோல் அடர்ந்திருக்கும். அம்முட்களை வெட்டிப் புதரைச் சுத்தம் செய்தால் மூங்கில் நெருக்கமின்றிச் செழிக்கும் என்பது வன இலாகாவின் நடைமுறை. அந்தப் பணிக்குக் கூலியும் கொடுத்துவந்தனர். ஆனால் அவ்வூர் மக்கள் ஆய்வாளரிடம் வேறு விதமாகக் கூறினர்: “முள்ளை எடுத்துவிட்டால், மழைக்குக் கிளம்பும் இளங்குருத்தை மாடும் காட்டு விலங்குகளும் தின்றுவிடும், பிறகு புதர் எப்படித் தழைக்கும்?” ஆய்வாளர் இதனைக் களத்தில் சோதித்துப் பார்த்தனர். ஊரார் சொல்லே மெய்யாயிற்று. மூங்கில் தனக்குத் தானே கட்டிக்கொண்ட வேலியை, மூங்கிலைக் காக்கும் பொருட்டு என்று எண்ணிப் பணம் செலவிட்டு அழித்துவந்திருக்கின்றனர்!

இங்கே அரசாங்கம் தானே முன்வந்து அறிஞரை அழைத்தது, அது பாராட்டத்தக்கது. ஆனால் அழைத்தது ஆலை தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்பு. வெட்டுவதற்கு முன் எண்ணியிருந்தால் கணக்கின் பிழை அன்றே புலப்பட்டிருக்கும். ஊராரைக் கேட்டிருந்தால் முள்ளின் பயனும் அன்றே தெரிந்திருக்கும். அறிஞர் இவ்விடத்தில் செய்த பெரும் பணி, எண்ணிக் கணக்கிட்டது மட்டுமன்று. எழுத்தறியாதவர் கூற்றையும் சோதிக்கத் தக்க கருத்தாக மதித்தது.

மூன்றாவதாகச் சிலிகா. புவனேசுவரத்திலும் கட்டாக்கிலும் வாழும் நேயர்களுக்கு அதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழவேற்காட்டு ஏரியைக் கண்டவர்களுக்குக் காயல் என்பது எத்தகையது என்று தெரியும். சிலிகா அதனினும் பெரியது. கோடையில் 900 சதுர கிலோமீட்டர் அளவிலும், மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேலும் விரியும் காயல். ஒரு பக்கம் மகாநதியின் கிளைகள் நன்னீரும் வண்டலும் கொணர்கின்றன. மறுபக்கம் முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகின்றது. இவ்விரண்டும் அளவோடு கலந்திருக்கும்வரை மீனும் இறாலும் நண்டும் பெருகும்.

அந்த அளவு குலைந்தது. வண்டல் படிந்து கடலோடு இணைக்கும் கால்வாய் தூர்ந்தது. உப்புத்தன்மை குறைந்தது, நன்னீர்ப் பாசிகளும் களைகளும் படர்ந்தன, மீன்பாடு வீழ்ந்தது. வலைக்காரரின் வாழ்வும் உடன் வீழ்ந்தது. உலகச் சிறப்புடைய நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் 1981இல் இடம்பெற்ற சிலிகா, 1993இல் ஆபத்துக்குள்ளான நீர்நிலைகளின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இதற்கிடையே, 1991இல் ஒடிசா அரசாங்கம் சிலிகா அபிவிருத்தி ஆணையத்தை அமைத்தது. ஆணையம் உடனே மண்வெட்டியை எடுத்துவிடவில்லை. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும், புனாவிலுள்ள மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையமும் நீரோட்டத்தையும் மணல் நகர்வையும் ஆராய்ந்தன. முகத்துவாரத்தை எங்கே திறந்தால் நீர் எவ்வாறு ஓடும், உப்பு எவ்வளவு ஏறும் என்பதனைக் கணித மாதிரிகளைக் கொண்டு கணக்கிட்டன. அதன் பின்னரே இடம் குறிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் சாதபடாவுக்கு அருகே மணல் திட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் திறக்கப்பட்டது. கடலுக்குச் செல்லும் வழி 18 கிலோமீட்டர் குறைந்தது.

பலன் விரைவில் தெரிந்தது. 1999-2000இல் 2,000 டன்னுக்கும் குறைந்திருந்த மீன்பாடு, 2001-02இல் ஏறக்குறைய 12,000 டன்னாக உயர்ந்தது. 2002இல் ஆபத்துப் பதிவேட்டிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. ஆசியாவில் அவ்வாறு நீக்கப்பட்ட முதல் நீர்நிலை அதுவே. அதே ஆண்டில் ராம்சார் விருதும் ஆணையத்துக்குக் கிடைத்தது. வெட்டியதோடு பணி முடிந்தது என்றும் கருதவில்லை. மணல் ஓயாது நகரும் கடற்கரை அது. ஆகவே பார்க்குல் என்னும் இடத்தில் ஆணையம் தன் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி, ஏரியைத் தொடர்ந்து அளந்துவருகின்றது.

இதனைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கலாகாது. ஏரியில் மீன் பெருகிற்று. அந்த மீன் யாருக்கு உரியது என்னும் வழக்கு ஓய்ந்துவிடவில்லை. இறால் வளர்க்க வளைத்துக் கட்டியவர்களுக்கும் வழிவழி வலைவீசி வந்தவர்களுக்கும் இடையே சிலிகாவில் நடந்த போராட்டங்கள் கடுமையானவை. நீரோட்டத்தை அளக்கும் கருவி நீதியை அளக்காது. அதற்கு வேறு துறை அறிஞரும், வேறு வகைப் பேச்சும் தேவை.

இம்மூன்று வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பரத்பூரில் ஆணை முந்தியது, ஆராய்ச்சி பிந்தியது. வட கன்னடத்தில் இழப்பு முந்தியது, ஆராய்ச்சி பிந்தியது. சிலிகாவில் ஆராய்ச்சி முந்தியது, ஆணை பிந்தியது. அறிவிலோ ஊக்கத்திலோ இம்மூவிடத்து அறிஞரிடையே ஏற்றத்தாழ்வு இல்லை. வேறுபாடு கேட்கப்பட்ட காலத்தில் இருக்கின்றது.

ஏன் உரிய காலத்தில் கேட்பதில்லை? இதற்கு ஒரு காரணத்தை நாம் நம் தொழிலிலிருந்தே கூற முடியும். மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரிவோராகிய நம் மேசைக்கு இருவகைத் தாள்கள் வருவதுண்டு. ஒன்று இலாகாவின் சுற்றறிக்கை: “இதனால் ஆணையிடப்படுகிறது” என்று முடியும். மற்றொன்று அறிஞரின் அறிக்கை: “இவ்வாறு இருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு” என்று முடியும். இரண்டையும் ஒரே மொழியிலிருந்து ஒரே மொழிக்குத்தான் பெயர்க்கின்றோம்; ஆயினும் இரண்டும் வெவ்வேறு பாஷைகள். அதிகாரிக்கு அடுத்த மழைக்கு முன் முடிவு வேண்டும். அவர் மூன்றாண்டில் மாற்றலாகிப் போய்விடக்கூடும். அறிஞருக்கோ பத்து மழையைப் பார்த்தால்தான் வாய் திறக்க மனம் வரும். ஒருவருடைய அவசரம் மற்றவருக்கு அறியாமையாகத் தோன்றுகின்றது. மற்றவருடைய நிதானம் இவருக்குச் சோம்பலாகத் தோன்றுகின்றது. இவ்விருவர்க்கும் அப்பால், மூன்றாவது பாஷை ஒன்றும் உண்டு. “எங்கள் பாட்டன் காலத்தில் இங்கே முள்ளை வெட்டமாட்டார்கள்” என்பது அந்தப் பாஷை. அது எந்தத் தாளிலும் ஏறி நம் மேசைக்கு வருவதில்லை.

ஆதலின் இவ்விரு சாராரும் கூடி வேலை செய்வது என்றால், விழா மேடையில் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது மட்டும் போதாது. கேள்வியையே இருவரும் கூடி அமர்ந்து எழுத வேண்டும். அதிகாரிக்கு நாளை எந்த முடிவு தேவைப்படும் என்று அறிந்து, அறிஞர் தம் அளவீட்டை வகுக்க வேண்டும். முழு விடை வரும்வரை, மீள முடியாத உத்தரவைத் தள்ளிவைத்து, ஒரு பகுதியில் மட்டும் சோதித்துப் பார்க்க அதிகாரி இசைய வேண்டும். பரத்பூரில் ஏரியின் ஒரு பாத்தியில் மட்டும் எருமையை நிறுத்திப் பார்த்திருக்கலாகாதா? அதிகாரி மாறினும் ஏட்டுக் கணக்கு மாறாது தொடர வேண்டும். ஆராய்ச்சியின் முடிவு, எந்த ஊரின் காட்டில் அது நடந்ததோ, அந்த ஊரின் மொழியில் அவ்வூராருக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும். கன்னடக் காட்டின் அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், முள்ளின் உண்மையைச் சொன்னவரே தம் சொல் நிலைபெற்றதை அறியமாட்டார்.

நேயர்களே! பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு என்று நினைக்க வேண்டா. நாம் குடிக்கும் நீர் அம்மாநிலத்து ஏரியின் நீர். நம் பிள்ளைகளில் பலர் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர். சிலர் வன இலாகாவிலும் நீர்ப்பாசன இலாகாவிலும் உத்தியோகம் வகிக்கின்றனர். அறிபவர் வரிசையிலும் ஆள்பவர் வரிசையிலும் நம்மவர் இருக்கின்றனர். வேற்று மொழி பேசும் ஊரில் வாழ்வதால், பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுப் பொருள் கொள்ளும் பழக்கம் நமக்குச் சற்று மிகுதியாகவே வாய்த்திருக்கின்றது. அந்தப் பழக்கத்தை வீட்டு வாசலோடு நிறுத்திவிடாமல், பணியாற்றும் இடத்துக்கும் கொண்டு செல்வோமாக. நீங்கள் வாழும் நகரத்து ஏரி ஒன்றைத் தூர் வாரவோ கரை கட்டவோ திட்டம் வருமானால், “இதனை முன்னர் யாரேனும் அளந்து பார்த்தார்களா? கரையில் வாழ்பவரை யாரேனும் கேட்டார்களா?” என்னும் இரு கேள்விகளை எழுப்புங்கள். அவற்றை எழுப்புவதற்கு விஞ்ஞானியாகவோ அதிகாரியாகவோ இருக்க வேண்டியதில்லை.

பரத்பூரின் நீரில் புல் மண்டியதையும், தண்டேலியின் காட்டில் மூங்கில் அருகியதையும் நாம் மாற்ற இயலாது. சிலிகாவில் மணல் திட்டை வெட்டுமுன் பல ஆண்டுகள் பொறுத்திருந்து கேட்டனர் என்பதனை நினைவில் வைத்துக்கொள்ள இயலும். கேட்டு வெட்டிய வழியில் கடல் உள்ளே வந்தது. மீனும் உடன் வந்தது.